'ஆச்சு' என்றால் யாருக்கு ஆச்சு?

போன வாரம் நீங்கள் நாலைந்து பேர் வந்து, வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுக்கும் வேலையைப் பற்றி நான் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டீர்கள். கை கால் பயிற்சியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடப் புதிதாகப் படித்தவர்கள். நான் படித்த காலத்தில் சரி என்று சொல்லிக்கொடுத்ததில் பாதியை இப்போது தப்பு என்கிறார்கள். பக்கவாதம் வந்தவரை எப்படி எழுப்பி உட்காரவைப்பது, எப்படி நடக்கவைப்பது எல்லாம் உங்களுக்குத் தானாகக் கைவந்துவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் தோளில் ஒரு துண்டோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பாரே, அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் கிடையாது. 'பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?' என்று கூப்பிடுவார்கள். மனைவியோ, மகனோ, மருமகளோ, யாராக இருந்தாலும் அட்டெண்டர்தான். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெயரும் போய்விடும். நாம் உள்ளே நுழைந்ததும், செருப்பைக் கழற்றியபடியே அவரிடம் இரண்டு கேள்வி கேட்போம். 'எப்படி இருக்கு?' 'சாப்பிட்டாச்சா?' அவர் 'பரவாயில்லை' என்பார், 'ஆச்சு' என்பார். கேட்ட கடமை முடிந்தது என்று நாம் கட்டில் பக்கம் திரும்பிவிடுவோம்.

அந்த இரண்டு கேள்வியிலும் 'யார்' என்பதே இல்லை. யாருக்கு எப்படி இருக்கு, யார் சாப்பிட்டாச்சு? பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழம்மா தோன்றா எழுவாய் என்று ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அது ஒரு மனுஷனைப் படுக்கவைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டது வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஊரூர் குப்பத்தில்.

பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கைவீசி நடக்கிறவர்களைத் தாண்டி வடக்கே போனால் குப்பம் வந்துவிடும். மணலில் படகுகளை ஏற்றிவைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால், எதிரில் ஒருவர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒற்றை அறை வீட்டில் தேசிங்கு என்பவர் இருந்தார், கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி பூங்காவனம் மீன் விற்றவர். இரண்டு பேருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. ஒரே மகள் கல்யாணமாகி, கைக்குழந்தைகளோடு பெரும்பாக்கத்தில் இருந்தாள். பூங்காவனத்துக்கு ஒருநாள் மீன் விற்கிற இடத்திலேயே வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது பயிற்சிக்கு என்னிடம் ஒப்படைத்தார்கள்.

பேச்சு மொத்தமாகப் போகவில்லை, இரண்டு வார்த்தை மிச்சம் இருந்தது. ஒன்று 'இல்ல'. இன்னொன்று 'கஸ்மாலம்'. சிரிக்காதீர்கள். இந்த நோயில் அப்படித்தான், பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோகும், திட்டுகிற வார்த்தை மட்டும் சுத்தமாக வரும். பூங்காவனம் அதைச் சொல்லும்போது நாக்கு துளிகூடக் குழறாது. அதில் தேசிங்குக்கு ஏகப்பட்ட பெருமை. "என்னத்தான் மேடம் சொல்லுது. எம்மாம் தெளிவா சொல்லுது பாருங்க" என்று என்னிடம் காட்டுவார்.

அவரைப் போல ஒரு அட்டெண்டரை என் வேலையில் நான் பார்த்ததில்லை. பூங்காவனம் கனத்த உடம்புக்காரி. இருந்தும் முதுகில் ஒரு சிவப்புத் தடம் கிடையாது. நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவைப்பார். தலை வாரிப் பின்னி, பொட்டு வைத்து, நான் வருவதற்குள் நாற்காலியில் உட்காரவைத்திருப்பார். வலை இழுத்துக் காய்ப்பு ஏறிய கை, சோற்றைக் குழைத்து ஊட்டும்போது அவ்வளவு பதமாக இருக்கும். மற்ற வீடுகளுக்குப் போகும்போது அவரைத்தான் உதாரணம் சொல்வேன். குப்பத்தில் ஒருத்தர் இருக்கிறார், அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். எல்லாமே இவ்வளவு ஒழுங்காக நடக்கிற வீட்டில், எதை விட்டுக்கொடுத்து இது நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்பது தெரியும். மாத்திரையைத் தவறாமல் போடுகிறார் என்பதும் தெரியும்.

தினமும் உள்ளே நுழைந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்பேன், சாப்பிட்டாச்சா என்று. அவர் "ஆச்சு மேடம்" என்பார். உடனே நாற்காலியிலிருந்து "இல்ல" என்று குரல் வரும்.

"இப்பதான் ஒரு கிண்ணம் துன்னுச்சி, அதுக்குள்ள இல்லன்னு சொல்லிக்கினு கீது பாருங்க" என்று தேசிங்கு சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அந்த 'இல்ல'வை நாங்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருந்தது. உன் பேர் பூங்காவனமா என்று கேட்டாலும் இல்ல. இது உன் வீடா என்றாலும் இல்ல. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த பெண், இவருடைய ஆமாம் இல்லைகளை இப்போதைக்கு நம்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். சோதித்துப் பார்த்துத்தான் சொன்னாள், அது சரியும்கூட. மகள் தினமும் போனில் கூப்பிட்டு அப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்பாள். அதே 'ஆச்சு', பின்னாலிருந்து அதே 'இல்ல'. அம்மாவுக்குச் சாப்பிட்டதுகூட நினைவில் நிற்கவில்லையே என்று அவள் என்னிடம் ஒருமுறை அழுதாள். மூளையில் அடிபட்டால் அப்படித்தான் என்று நான் ஆறுதல் சொல்லிவைத்தேன்.

ஆனால் ஒன்றை நாங்கள் பார்த்திருக்கலாம். உன் பேர் பூங்காவனமா என்றால் அவள் என்னைப் பார்த்து 'இல்ல' என்பாள். சாப்பிட்டாச்சா என்ற கேள்விக்கு மட்டும் அவள் தேசிங்கைப் பார்த்து 'இல்ல' என்பாள். வார்த்தை ஒன்றுதான், பார்வை வேறு. நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம், கண்ணை மறந்துவிட்டோம்.

ஒருநாள் காலை நான் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பார்த்தால், தேசிங்கு அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு எழுப்பி நிறுத்திவிட்டார், முகம் எனக்குத் தெரியவில்லை. சட்டை முதுகு மொத்தமும் தெப்பமாக நனைந்திருந்தது. "கண்ணு இருட்டிக்கினு வருது" என்றார், யாரிடமோ சொல்வதைப் போல. அவர் முட்டி மடங்குவது தெரிந்தது. அந்த வீட்டில் அவர் விழுந்தால் ஒருவர் விழுவதோடு போகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சீனியர் அம்மா இருந்தார். கடுகடுவென்று பேசுவார், ஆனால் சொல்வது மறக்காது. விழுகிறவரைத் தூக்கி நிறுத்தப் பார்க்காதே, உன் முதுகும் போகும், அவர் எலும்பும் போகும், மெதுவாகத் தரையில் இறக்கு என்பார். நான் ஓடிப்போய் ஒரு காலை முன்னால் வைத்து, பூங்காவனத்தை என் தொடைமேல் சாய்த்து, அப்படியே வழுக்கவிட்டுத் தரையில் உட்காரவைத்தேன். தேசிங்கு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் சரிந்து உட்கார்ந்தார்.

என் கை பூங்காவனத்தின் மேல்தான் போனது. இடுப்பில் அடியா, தலையில் அடியா, கால் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். பேஷண்ட் முதலில், அட்டெண்டர் பிறகு என்பதுதானே நம் பழக்கம். அவள் இடது உள்ளங்கையால் தரையை அறைந்துகொண்டே "இல்ல, இல்ல" என்றாள். ஒன்றும் ஆகவில்லை பூங்காவனம், பயப்படாதே என்றேன். அவள் என் முகத்துக்கு நேரே, தெள்ளத் தெளிவாக, "கஸ்மாலம்" என்றாள்.

அதுவரை அந்த வார்த்தை தேசிங்குக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது. எனக்குக் கிடைத்தது அன்றுதான். திட்டிவிட்டு இடது கையை நீட்டி அவரைக் காட்டினாள். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். தேசிங்கின் உதடு வெளுத்திருந்தது. கையைத் தொட்டால் ஐஸ், விரல்கள் நடுங்கின. அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது பழைய கேள்விதான். சாப்பிட்டாச்சா என்றேன்.

"ஆச்சு மேடம்."

"இல்ல" என்றாள் பூங்காவனம், அவரைப் பார்த்து.

எனக்கு அந்த நொடியில் என்னவோ உறைத்தது. "தேசிங்கு, நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திருதிருவென்று விழித்துப் பார்த்தார். அவரிடம் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ, கேள்வியே புரியவில்லை.

"நானா?" என்றார்.

அந்த 'நானா' இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு நாளும் அவர் எங்களிடம் பொய்யே சொல்லவில்லை. அவளுக்குச் சாப்பாடு ஆச்சா என்று நாங்கள் கேட்பதாகத்தான் நினைத்தார், ஆச்சு என்றார். அந்த வீட்டில் அப்படிக் கேட்கப்பட வேண்டிய வேறு ஒருவர் இருக்கிறார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. பூங்காவனம் ஒருத்திதான் மறக்கவில்லை.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. அவர் பேசுகிறார், விழுங்க முடியும் என்று பார்த்துக்கொண்டு, அலமாரியில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுத்துத் தண்ணீரில் அள்ளிப் போட்டுக் கலக்கிக் குடிக்கவைத்தேன். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்க மாட்டேன், ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட்டிருப்பேன். இதை நீங்கள் குழப்பிக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, முகத்தில் ரத்தம் வந்தது. தெளிந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, "அது தரையில ஒக்காந்துகினு கீதே மேடம்" என்பதுதான்.

சத்தம் கேட்டு வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். பூங்காவனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கும் கன்னியம்மா முன்னால் நின்றாள். பூங்காவனத்தைத் தூக்கக் கை வேண்டும், வாங்க என்று நான் கூப்பிட்டேன். தேசிங்கு தள்ளாடி எழுந்து குறுக்கே நின்றுவிட்டார். யாரும் உள்ளே வர வேண்டாம் என்றார். பூங்காவனத்தின் நைட்டி நனைந்திருந்தது, அதுதான் விஷயம். அத்தனை நாளும் அவர் யாரையும் உதவிக்கு விடாததற்குக் காரணம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கூடைக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேரம் பேசியவளை, அதே கடைவரிசைப் பெண்கள் இந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது என்று அவர் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, நாங்க பாக்காததா?" என்றாள் கன்னியம்மா. "எம்மா படுத்துக்கினு கெடந்தப்போ அத்தினியும் அள்ளிப் போட்டது யாரு? இவதான. ஒத்து."

ஒத்து என்றால் தள்ளி நில் என்று அர்த்தம், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் தள்ளி நின்றார். நாலு பெண்கள் சேர்ந்து, நான் சொன்ன இடத்தில் கை கொடுத்து, பூங்காவனத்தைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். ஒருத்தி நைட்டியை மாற்றினாள், ஒருத்தி தரையைத் துடைத்தாள். பூங்காவனம் வெட்கப்பட்டாளா என்று கேட்பீர்கள். கன்னியம்மாவின் கன்னத்தை இடது கையால் தடவிக்கொடுத்தாள். வெளியே சந்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேசிங்கு அழுதார்.

அன்றே ஆட்டோவில் அவரை அடையாறில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்ததால் வந்த வினை, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் நினைவு தப்பியிருப்பார் என்று சொல்லி மாத்திரையைக் குறைத்து எழுதினார் டாக்டர். எழுதிவிட்டு, "உங்க உடம்பையும் பார்த்துக்கோங்க" என்றார். தேசிங்கு தலையாட்டினார்.

இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். நான் ஆயிரம் வீட்டில் சொல்லியிருப்பேன், ஒரு வீட்டிலும் பலித்ததில்லை. ஏற்கெனவே ஒரு உடம்பைப் பார்த்துக்கொண்டு மூச்சு முட்டுகிறவரிடம், இன்னொரு உடம்பையும் பார்த்துக்கொள் என்று கூடுதலாக ஒரு வேலையைத் தலையில் ஏற்றிவிட்டு நாம் வந்துவிடுகிறோம். பார்த்துக்கொள்ள என்ன தடை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். பதில் வர நேரமாகும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அதைத்தான் கேட்டேன். அடையாறு சிக்னல் தாண்டி, பெசன்ட் நகர் பக்கம் திரும்புகிறவரை அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு சொன்னார்.

"மீனத் தொட்டுப் பாத்தே எப்ப வலையில வுழுந்துச்சின்னு சொல்லுவா மேடம் அவ. இப்ப கொழச்ச சோறு துன்னுகினு கீறா. அவ எதிர்ல கொழம்பு வச்சி நா எப்டித் துன்றது? வாசன வந்தாலே அவளுக்கு நாக்கு ஊறாது?"

வெளியே போய்ச் சாப்பிடலாமே என்றேன். அவள விட்டுட்டா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். பூங்காவனத்துக்கு விழுங்குவதில் கஷ்டம் இருந்ததால் முள், செதில் என்று எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மீனே சமைக்கவில்லை. அவளுக்கு ஊட்டி முடித்ததும் கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை வழித்துச் சாப்பிடுவார். ஒன்றும் ஒட்டவில்லை என்றால் டீ, அதுவும் சர்க்கரை போடாமல். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன், குப்பத்தின் நடுவில் உட்கார்ந்து மீன் இல்லாமல் பட்டினி கிடந்தார். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசத்தைப் பற்றி அவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் எனக்குக் கோபமும் வந்தது.

அதனால் மறுநாள் நான் அவளிடமே கேட்டேன். தேசிங்கு உன் எதிரில் மீன் சாப்பிட்டால் உனக்குக் கஷ்டமாக இருக்குமா என்று. "இல்ல" என்றாள். "அது எல்லாத்துக்கும் இல்லன்னுதான மேடம் சொல்லும்" என்றார் தேசிங்கு. அவர் சொன்னதும் நியாயம்தான், அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பதிலுக்கு ஒரு வார்த்தைதான் இருக்கிறது என்றால் வார்த்தையை விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும். கன்னியம்மாவிடம் சொன்னேன். அவள் வீட்டிலிருந்து சங்கரா மீன் குழம்பும் சோறும் தட்டில் போட்டு எடுத்துவந்து, பூங்காவனத்தின் நாற்காலிக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்தாள். குழம்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. தேசிங்கு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பூங்காவனம் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நானும் பயந்தபடிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயில் எடுத்துப் போட்டுக்கொண்டால் தடுக்க வேண்டும், தடுத்தால் அதைவிடக் கொடுமை இல்லை. அவள் இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து, தேசிங்கு நின்ற பக்கமாகத் தள்ளினாள். தட்டு கோணலாகப் போய்க் குழம்பு பலகையில் சிந்தியது. அவர் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். அவள் உடம்பைச் சாய்த்து, எட்டிப் பிடித்து, மறுபடியும் தள்ளினாள். என் பயிற்சியில் அவள் அவ்வளவு தூரம் எட்டியதே இல்லை. நான் அதைச் சொல்லவில்லை.

தேசிங்கு தரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். முதல் வாயை விழுங்கவே சிரமப்பட்டார், கண்ணீர் வேறு. பிறகு பசி வந்துவிட்டது. பசி வந்த ஆம்பளை சாப்பிடுவதைப் போல வேக வேகமாகச் சாப்பிட்டார். பூங்காவனம் மீனைப் பார்க்கவே இல்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு காலியாகும்வரை பார்த்தாள். அவர் முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு உட்காருகிற பெண்கள் விடுவார்களே, அந்த மூச்சு. நோயாளி என்று நாம் பெயர் வைத்த அன்றோடு அவள் வீட்டுக்காரி என்கிற வேலையிலிருந்து நின்றுவிட்டதாக நாங்களாக முடிவு கட்டியிருந்தோம். அவள் நிற்கவில்லை, அவளுக்கு நாங்கள்தான் வேலை கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய இடது கைப் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் அவர் தட்டை வைத்தே செய்தோம். சோறு எடுத்துவைப்பது, தட்டை நகர்த்துவது, டம்ளரை நீட்டுவது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் விழுங்குவதைப் புதிதாகச் சோதித்துப் பார்த்து, முள் நீக்கி நன்றாக மசித்து, குழம்பில் ஊறவைத்த மீன் கொஞ்சம் கொடுக்கலாம் என்றாள். ஆரம்பத்தில் சொன்ன 'கூடாது' எப்போதோ காலாவதி ஆகியிருந்தது, மறுபடி பார்க்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. உங்களிடம் யாராவது 'கூடாது' என்று சொல்லி அனுப்பினால், எதுவரைக்கும் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கன்னியம்மாவும் மற்றவர்களும் முறை வைத்துக்கொண்டு காலையில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் தேசிங்கு கடற்கரைப் பக்கம் போய் வரலாம் என்று ஏற்பாடு. முதலில் அவர் நாலு வீடு தாண்டிப் போய்விட்டு ஓடிவந்து எட்டிப் பார்ப்பார். கன்னியம்மா விரட்டுவாள். படகுப் பக்கம் போய் வலை பிரிக்கிறவர்களோடு உட்கார அவருக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

இதைக் கேட்டுவிட்டு, இனிமேல் 'நீங்க என்ன சாப்பிட்டீங்க' என்று கேட்டால் போதும் என்று நீங்கள் மனப்பாடம் செய்துகொள்வீர்கள் என்று பயமாக இருக்கிறது. நானே அப்படித்தான் செய்தேன். புது ஆயுதம் கையில் கிடைத்த ஜோரில் கோட்டூர்புரத்தில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போனேன். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக பாங்க் வேலையை விட்ட மகள். நீங்க என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டதும், "இன்ஸ்பெக்‌ஷனா?" என்று சுள்ளென்று கேட்டார். அவருக்குச் சாப்பாட்டில் குறை இல்லை. வேறு எங்கோ குறை, அது என்ன என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் லிஃப்ட் வரை என்னை வழியனுப்ப வந்தவர், "எனக்கு அம்மா மேல கோவமா வருது" என்று மெதுவாகச் சொன்னார். அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா, பெத்தவங்க என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். கோபம் வரத்தான் செய்யும் என்று மட்டும் சொன்னேன். லிஃப்ட் வந்தது, திரும்பிப் போனது. நாங்கள் அங்கேயே நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம், பேசியது முழுக்க அவர்தான். ஆக, கேள்வி வீட்டுக்கு வீடு மாறும். கேள்வி யாரைப் பார்த்துப் போகிறது என்பது மட்டும் மாறக் கூடாது.

தேசிங்கு விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்னதை வைத்து அவர் அடியோடு மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கன்னியம்மா வராத நாட்களில் பழைய கதைதான். நான் எதிரில் நின்று கேட்டால் சாப்பிட்டதைச் சொல்வார், ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரைச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். நாங்கள் கேட்பதை நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார் என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. நான் ஓய்வு பெறும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படி ஒருநாள் காலையில் போனேன். வழக்கமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் அன்று வாசலில் நின்றிருந்தார். கடற்கரையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும், காலெல்லாம் மணல். உள்ளே பூங்காவனம் தலை வாராமல் கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்ன ஆச்சோ என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போகப் பார்த்தேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"மேடம், இன்னிக்கி கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்கலாமா? எனக்குப் பசிக்கிது."

தாராளமாக என்றேன். அவர் உள்ளே போய்த் தட்டை எடுக்கிற சத்தம் கேட்டது. சந்தில் கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டியில் உட்கார்ந்தேன். நேரமாகிறதே என்று அடுத்த வீட்டிலிருந்து போன் வந்தது. வருகிறேன், கொஞ்சம் தாமதமாகும், இங்கே ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன்.